திங்கட்கிழமை வரைக்கும் பூனை காத்திருக்காது

போன சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி இருக்கும். படுக்கப் போற நேரத்துல போன் அடிச்சது. எங்க சொசைட்டியில பக்கத்து விங்ல இருக்கிற நம்ம ஊர்ப் பொண்ணு. வீட்டுக்காரர் வேலை விஷயமா புனே போயிருக்கார். குரல்ல ஏகத் தயக்கம்.

"அண்ணா, இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், தப்பா நினைக்காதீங்க. எங்க பூனை சாயங்காலத்துலேருந்து லிட்டர் டப்பாவுல போகாம பாத்ரூம் தரையில, வாஷ்பேசின்லன்னு போய்ப் போய் உக்காருது. சேட்டை பண்ணுதா, இல்ல புதுசா மாத்தின மண்ணு பிடிக்கலையான்னு தெரியல."

"ஆணா, பொண்ணா?"

"ஆண்தான். ரெண்டு வயசு."

"அது உக்கார்ற இடத்துல ஈரம் இருக்கா, தொட்டுப் பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இல்லண்ணா. காஞ்சுதான் கிடக்கு."

"டப்பாவுல கடைசியா நல்ல பெரிய உருண்டை எப்பம்மா பாத்தீங்க?"

"காலையில... இல்ல, நேத்து ராத்திரியா இருக்கும்."

"கூடையை எடுங்க. இப்பவே கிளம்பணும். காலையில இல்ல, இப்பவே."

மறுமுனையில ஒரு நிமிஷம் மௌனம். ஒரு பூனை உச்சா போகாததுக்கு இந்த ஆள் ஏன் இந்தக் குதி குதிக்கிறான்னுதான் நினைச்சிருப்பாங்க. அந்த அவசரம் எனக்கு எங்கேருந்து வந்ததுன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தியே ஆகணும்.

2013 ஆகஸ்ட். நல்ல மழை. அப்ப எங்க வீட்டுல பட்டாணின்னு ஒரு ஆண் பூனை. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, அதே மாதிரி ஒரு மழையில, வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில நனைஞ்சு கிடந்ததை என் பொண்ணு தூக்கிட்டு வந்தா. அப்ப அவளுக்கு நாலு வயசு. பூனையெல்லாம் வேண்டாம்னு முதல்ல கத்தின தங்கமணிதான் ஒரு மாசத்துல அவனுக்குத் தனியா மீன் வேக வைக்க ஆரம்பிச்சது. அது வேற கதை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டாணி டப்பாவுல போய் உக்காந்தான். முக்கினான். எழுந்து வந்தான். ரெண்டு நிமிஷத்துல திரும்பப் போனான். இப்படியே பத்துப் பதினைஞ்சு தடவை. "வயித்துக் கட்டு போல" அப்படின்னா தங்கமணி. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஊருக்கு, அம்பாசமுத்திரத்துக்கு, அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒரு சொட்டு வெளக்கெண்ணெய் குடுத்துப் பாருல. பூனைக்கு நாம என்னத்துக்கு வைத்தியம் பாக்க? அதுவே புல்லத் தின்னு சரி பண்ணிக்கிடும்." சொட்டு விளக்கெண்ணெயும் கொடுத்தாச்சு.

ஞாயித்துக்கிழமை அவன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். அடிவயித்துக்குக் கீழே நக்கிக்கிட்டே இருந்தான். மீனைத் திரும்பிக்கூடப் பாக்கல. நடுவுல ஒரு மாதிரி இழுத்துக் கத்தினான். பொண்ணு வந்து சொன்னா, "அப்பா, பட்டாணி அழறான்." "சும்மா கத்துறான், நீ போய் ஹோம்வொர்க் பண்ணு"ன்னேன். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே கிளினிக் அன்னிக்கு லீவு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸ்ல ரிவ்யூ மீட்டிங். பூனைக்கு உடம்பு சரியில்ல, லீவு வேணும்னு கேக்க வெக்கமா இருந்தது. உண்மையைச் சொல்லணும்னா அதுதான் காரணம். வெக்கம். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தா அவன் பாத்ரூம் தரையில கிடக்கிறான். வாந்தி எடுத்திருக்கான். உடம்பு சில்லுன்னு இருக்கு. துண்டுல சுத்தித் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் வயித்துல கையை வச்சதும் நிமிர்ந்து பாத்தார். "பேஷாப் கப் ஸே பந்த் ஹை?" மூத்திரம் எப்பலேருந்து நின்னு போச்சுன்னு கேக்குறார். மூத்திரமா? நாங்க மலம்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தோம்!

மூத்திரப்பை ஆரஞ்சுப் பழம் சைஸ்ல, கல்லு மாதிரி இருந்தது. அவர் என்னென்னவோ முயற்சி பண்ணினார். ராத்திரி ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சு போச்சு. அவர் எங்களைத் திட்டல. "ஏக் தின் பெஹ்லே..."ன்னு ஆரம்பிச்சு, முடிக்காம விட்டுட்டார். ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா. அவ்வளவுதான்.

மறுநாள் பொண்ணு கேட்டா, "நான்தான் சொன்னேன்ல அப்பா?" இப்ப அவ காலேஜ் போறா. அந்தக் கேள்விக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். பூனை டப்பாவுக்கு வெளியே போனா நாம உடனே அதை ஒரு ஒழுக்கப் பிரச்சினையா எடுத்துக்கிறோம். ரோஷம், திமிரு, பழி வாங்குது, சேட்டை. என் கட்சி என்னன்னா, அது முதல்ல உடம்பு சொல்ற செய்தி. குணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அதுலயும் ஆண் பூனை உக்காந்து உக்காந்து எழுந்து, ஒண்ணும் வரலைன்னா அதுக்கு ஞாயித்துக்கிழமை, மீட்டிங், விடியட்டும் எதுவும் கிடையாது.

ஏன் ஆண் பூனைன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? மூத்திரம் வெளியே வர்ற குழாய் ஆண் பூனைக்கு நீளம், நுனியில ரொம்பக் குறுகல். மூத்திரத்துல சேர்ற பொடிப்பொடியான உப்புப் படிகங்களும் உள் சவ்வுலேருந்து வர்ற கோழையும் சேர்ந்து ஒரு சின்ன அடைப்பு மாதிரி ஆகி அந்தக் குறுகல்ல சிக்கிக்கும். சில சமயம் சின்னக் கல்லு. சில சமயம் அடைப்பே இல்லாம வீக்கமும் தசை இறுக்கமுமே குழாயை மூடிடும். பெண் பூனைக்குக் குழாய் குட்டை, அகலம். அதனால அதுக்கு இந்த அடைப்பு அபூர்வம்.

அடைச்ச பிறகு சிறுநீரகம் தன் வேலையைச் செய்யும், மூத்திரப்பை ரொம்பும், போக வழியில்ல. அழுத்தம் பின்பக்கமா சிறுநீரகத்துக்கே திரும்பும். வெளியே போக வேண்டிய கழிவெல்லாம் ரத்தத்துலயே தங்கும். அதுல முக்கியமானது பொட்டாசியம். அது ரத்தத்துல ஏற ஏற இதயத்துடிப்பு தாளம் தப்பும், கடைசியில நின்னுடும். முழுசா அடைச்சா ஒண்ணுலேருந்து மூணு நாளைக்குள்ள இவ்வளவும் நடந்து முடிஞ்சிடும். எங்க பட்டாணிக்கு சனி சாயங்காலத்துலேருந்து திங்கள் ராத்திரி வரைக்கும். கணக்கு சரியா இருக்கு பாருங்க.

நேரத்தோட போனா மயக்கம் கொடுத்து, மெல்லிசான குழாய் விட்டு அடைப்பை எடுத்து, சலைன் ஏத்தி, ரெண்டு மூணு நாள் வச்சிருந்து அனுப்புவாங்க. பெரும்பாலான பூனைகள் பொழைச்சு வந்துடும்.

அதுக்காகப் பூனை தும்மினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு நான் சொல்லல. கூடைக்குள்ள அடைச்சு, மும்பை டிராஃபிக்ல ஒரு மணி நேரம் ஹாரன் சத்தத்துல, வெயிட்டிங் ரூம்ல நாலு நாய்க்கு நடுவுல உக்கார வைக்கிறது பூனைக்கு ஒரு தண்டனை. அந்தப் பதட்டத்துலயே மூத்திரப்பை வீங்கிக்கிற பூனைகளும் உண்டு. அதனால எப்ப ஓடணும், எப்ப பொறுக்கலாம்னு தெரிஞ்சு வச்சிருக்கிறதுதான் சாமர்த்தியம். அதுக்கு டப்பாவைப் பாக்கக் கத்துக்கணும்.

கெட்டிப்படுற லிட்டர் போட்டா மூத்திரம் ஒவ்வொரு தடவையும் ஒரு உருண்டையா நிக்கும். நல்லா இருக்கிற பூனைக்கு ஒரு நாளைக்கு ரெண்டுலேருந்து நாலு உருண்டை, மலம் ஒரு தடவை. அள்ளும்போது எண்ணுங்க. பெருசா, சின்னதா பாருங்க. இவ்வளவுதான். உங்க பூனைக்கு வழக்கம் எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சாத்தான் அது மாறினது தெரியும். வேலைக்கு வர்ற பாய் அள்ளிப் போட்டா, அவங்ககிட்டயும் சொல்லி வையுங்க. டப்பாவுங்கிறது தினம் வீட்டுக்கே வர்ற லேப் ரிப்போர்ட். நாம அதைப் படிக்காமலேயே குப்பையில போடுறோம்.

நான் எனக்காக வச்சிருக்கிற கணக்கு இது.

ராத்திரியானாலும் உடனே கிளம்ப வேண்டியவை:

1. ஆண் பூனை அடிக்கடி போய் உக்காருது, முக்குது, ஒண்ணும் வரல, இல்ல சொட்டுச் சொட்டா வருது. கூடவே கத்தல், நக்கல், ஒளிஞ்சுக்கிறது, வாந்தி, சோர்வு இருந்தா இன்னும் அவசரம். மலச்சிக்கலா, மூத்திர அடைப்பான்னு வெளியிலேருந்து பாத்துச் சொல்ல முடியாது, ரெண்டுக்கும் பூனை ஒரே மாதிரிதான் உக்காரும். மூத்திரம்னே வச்சுக்கிட்டு ஓடுங்க. மலச்சிக்கலா இருந்தா நஷ்டம் ஒரு டாக்ஸிக்காசு.

2. ஆணோ பொண்ணோ, ஒரு முழு நாளா டப்பாவுலயும் வெளியிலயும் எங்கயும் ஈரமே இல்ல.

3. குட்டி பூனைக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்து, சாப்பிடாம சுருண்டு கிடக்கு. தடுப்பூசி போடாத குட்டிகளைப் பன்லூக்கோபீனியாங்கிற வைரஸ் சீக்கிரம் கொண்டு போயிடும்.

அன்னிக்கோ மறுநாளோ காட்ட வேண்டியவை:

1. மூத்திரத்துல ரத்தம், ஆனா மூத்திரம் வருது. நிறைய சின்னச் சின்ன உருண்டை. ஆண் பூனைன்னா அன்னிக்கே காட்டிடுங்க. இது எப்ப வேணும்னாலும் அடைப்பா மாறலாம்.

2. ஏழெட்டு வயசு தாண்டின பூனைக்கு உருண்டை திடீர்னு பெருசு பெருசா வருது, தண்ணி நிறைய குடிக்குது, எடை குறையுது. சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு, மூணுல ஒண்ணா இருக்கலாம். பாவம், டப்பா ரொம்பினதாலதான் வெளியே போயிருக்கும். நாம அடிப்போம்.

3. ரெண்டு நாளா மலம் போகல. இல்ல ஒரு நாள் தாண்டியும் பேதி நிக்கல.

4. வீட்டுல எந்த மாற்றமும் இல்லாம, இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்த பூனை திடீர்னு வெளியே போக ஆரம்பிச்சது.

வீட்டுலயே சரி பண்ணிப் பாக்கக் கூடியவை:

சாப்பாடு, விளையாட்டு, உருண்டை எண்ணிக்கை, அளவு எல்லாம் வழக்கம் போல இருக்கு, ஆனா இடம் மட்டும் தப்புது. இதுக்கு ஒரு வாரம் கொடுக்கலாம். வாசனை போட்ட லிட்டர் நமக்குத்தான் பிடிக்கும், பூனைக்குப் பிடிக்காது. புது பிராண்டுக்கு மாறினா பழசோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல டப்பாவை வச்சு, அது நடுவுல ஸ்பின் ஓட ஆரம்பிச்சா, அந்தப் பூனை ஜென்மத்துக்கும் அங்க போகாது. மழைக்காலத்துல லிட்டர் ஈரம் இழுத்துச் சேறு மாதிரி ஆகிடும், அடிக்கடி மாத்தணும். டப்பா பூனையோட நீளத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கணும். கடையில விக்கிற அழகான டப்பாவை விட, துணி ஊற வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப் நல்லா உதவும். வயசான பூனைக்கு மூட்டுவலி இருக்கும், ஒரு பக்கம் தாழ்வா இருக்கிற மாதிரி பாத்துக்குங்க. எத்தனை பூனையோ அதுக்கு மேல ஒரு டப்பா வைக்கணும்னு டாக்டர்கள் சொல்வாங்க. ஒன் பிஎச்கே வீட்டுல அந்த டப்பாவை வச்சிட்டு நாம எங்க படுக்கிறதுன்னு கேக்காதீங்க :-)

நின்னுக்கிட்டே வாலை ஆட்டிச் சுவத்துல பீச்சி அடிச்சா அது வேற சமாச்சாரம். எல்லை குறிக்கிறது. கருத்தடை ஆபரேஷன் பண்ணினா பெரும்பாலும் நின்னுடும்.

"ஸ்ட்ரெஸ்தான், வேற ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி விட்டுடாதீங்க. சின்ன வயசு, நடு வயசுப் பூனைகளுக்கு மூத்திரத் தொல்லை வர்றதுக்கு முதல் காரணம் கிருமி இல்ல, காரணம் பிடிபடாத ஒரு மூத்திரப்பை வீக்கம். அது பதட்டத்துல கூடும். வீடு மாத்துறது, புதுக் குழந்தை, தீபாவளி வெடி, பக்கத்து வீட்டுல டைல்ஸ் போடுறது எதுவும் போதும். ஆக, மனசு சம்பந்தப்பட்டதும் கடைசியில உடம்புல வந்துதான் நிக்குது. கிருமித் தொற்று பெரும்பாலும் வயசான பூனைகளுக்குத்தான். அதனால நீங்களா மெடிக்கல் ஷாப்புல ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கிறதுல அர்த்தம் இல்ல.

ஒண்ணை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். வலிக்குதேன்னு நம்ம வீட்டு பாராசிட்டமாலை உடைச்சுக் கொடுத்துடாதீங்க. அதைச் செரிக்கிற சக்தி பூனையோட ஈரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும். மத்த மனுஷ வலி மாத்திரைகளும் அப்படித்தான். வயித்தை அமுக்கிப் பாக்காதீங்க, ரொம்பின பை வெடிச்சிடலாம். வெளியே போன இடத்தைப் பினாயில் ஊத்திக் கழுவாதீங்க, அதுவும் பூனைக்கு விஷம். விளக்கெண்ணெய் பத்தி... அதைத்தான் மேலயே சொல்லிட்டேனே.

இந்த விஷயம் நமக்கு ஏன் தெரியாமப் போச்சுன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். எங்க அம்மா மேல தப்பே இல்ல. ஊர்ல எங்க வீட்டுல எப்பவும் ரெண்டு பூனை இருக்கும். ஆனா டப்பான்னு ஒண்ணை நாங்க கண்டதே இல்ல. கொல்லைப்புறம், சாம்பல் குமி, வாய்க்கால் மணல். அது எங்க போகுது, எத்தனை தடவை போகுதுன்னு யார் பாத்தா? ஒரு நாள் பூனை வராது. ரெண்டு நாள் பாப்போம். "எங்கயோ போயிடுச்சு"ன்னு சொல்லிட்டு விட்டுடுவோம். அப்படிக் காணாமப் போன கடுவன்கள்ல எத்தனை, ஏதோ ஒரு வைக்கோல் போருக்கு அடியில அடைப்போட கிடந்து செத்துச்சோ.

பூனைக்கு மண் போட்டு வீட்டுக்குள்ள டப்பா வைக்கிறது அமெரிக்காவுலயே ரொம்பப் பழசு இல்ல. 1947ல மிச்சிகன் மாநிலத்துல எட்வர்ட் லோவ்னு ஒருத்தர், பூனைக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்ணெய் உறிஞ்சுற களிமண்ணைக் கொடுத்து அனுப்பினதுல ஆரம்பிச்ச வியாபாரம் அது. கெட்டிப்படுற பென்டோனைட் வகை வந்தது 1980கள்ல. அந்தக் களிமண்ணு நம்ம குஜராத் கட்ச் பக்கமே ஏராளமா கிடைக்குது.

ஆக, மாடியில கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு வலை அடிச்சு, பூனையை உள்ளே வச்சது நாம. ரோட்டுல அடிபடாம, நாய்கிட்ட கடிபடாம காப்பாத்தத்தான் அப்படிச் செஞ்சோம், சரி. ஆனா கொல்லைப்புறத்தை நாலு சாண் டப்பாவுக்குள்ள கொண்டு வந்தா, அதைப் பாக்கிற வேலையும் நம்மளோடதுதான். வெளியே போகவோ, வைத்தியம் தேடவோ அந்தப் பூனைக்கு வேற வழி இல்ல. அதுக்கு இருக்கிற ஒரே வாய் அந்த டப்பா.

அடுத்தது, தெரிஞ்சும் ஏன் தள்ளிப் போடுறோம்? வெளியூர்ல பொழைக்க வந்தவனுக்கு லீவுங்கிறது தங்கம். ஊர்த் திருவிழாவுக்கு, அப்பா கண் ஆபரேஷனுக்குன்னு சேத்து வைக்கிறது. அதைப் பூனைக்குச் செலவழிக்கிறதான்னு ஒரு கணக்கு. சொன்னா சிரிப்பாங்கங்கிற கூச்சம். ராத்திரியில எங்க போறதுன்னு தெரியாத பயம். டாக்டர்கிட்ட இந்தியில என்னன்னு சொல்றதுங்கிற தயக்கம், குறிப்பா நம்ம வீட்டு அம்மணிகளுக்கு, வந்த புதுசுல. செலவைப் பத்தின கவலையும் நியாயம்தான். ஆனா நேரத்தோட போனா செலவு குறைச்சல், தள்ளிப் போட்டுப் போனா அதிகம். உயிரும் கையில நிக்காது.

இதுல பாதியை இன்னிக்கே சரி பண்ணிடலாம். நெல்லைப் பக்கம் நாம மாட்டாஸ்பத்திரின்னு சொல்றோம் இல்லையா, அதே மாதிரி மும்பைக்காரங்க பரேல்ல இருக்கிற பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் ஆஸ்பத்திரியை பைல் கோடா ஆஸ்பத்திரின்னு சொல்வாங்க. மாட்டுக் குதிரை ஆஸ்பத்திரி. பம்பாய் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1874ல ஆரம்பிச்சது, இந்த ஊர்ல குதிரை டிராம் ஓட ஆரம்பிச்சதும் அதே வருஷம்தான். வண்டி இழுத்து இழுத்து நொண்டியான மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பாக்க வந்த இடம். பக்கத்துலயே 1886ல கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. இப்ப அந்த வரிசையில நாயும் பூனையும்தான் அதிகம். 2024ல மகாலட்சுமியில டாடா டிரஸ்ட்ஸ் சிறு விலங்கு ஆஸ்பத்திரியும் திறந்தாச்சு. இது போக முலுண்டு, காட்கோபர், செம்பூர், பவாய்னு நம்ம சுத்துவட்டாரத்துலயே தனியார் கிளினிக்குகள் நிறைய இருக்கு.

அதுல எது ராத்திரியில திறந்திருக்கு, எங்க பூனைக்குக் குழாய் போட வசதி இருக்கு, ஞாயித்துக்கிழமை யார் இருப்பாங்கன்னு இன்னிக்கு, பூனை நல்லா இருக்கும்போதே போன் போட்டுக் கேட்டு, நம்பரை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வையுங்க. விக்ரோலியிலேருந்து ஆட்டோவுல பரேலுக்குப் போக முடியாது, சயனோட நிறுத்திடுவாங்க, அங்கேருந்து டாக்ஸி மாத்தணும். ராத்திரி நேரத்துல கூடையைத் தூக்கிக்கிட்டு சயன்ல நிக்கிறது கஷ்டம், வீட்டுலேருந்தே டாக்ஸி பிடிச்சிடுங்க. பூனைக்கூடை ஒண்ணு எப்பவும் வீட்டுல இருக்கட்டும். அதைப் பரண்ல போடாம திறந்து கீழேயே வச்சா பூனை அதுல போய்த் தூங்கப் பழகிக்கும், அவசரத்துக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

இந்தி தெரியாதவங்களுக்கு நாலு வாக்கியம் போதும். "பில்லா ஹை" (ஆண் பூனை). "பார் பார் பைட்தா ஹை, பேஷாப் நஹீ ஆ ரஹா" (திரும்பத் திரும்ப உக்காருது, மூத்திரம் வரல). "கல் ராத் ஸே" (நேத்து ராத்திரியிலேருந்து). "உல்டி கீ ஹை" (வாந்தி எடுத்தது). போன்லயே இதைச் சொல்லுங்க. அவங்களே உடனே வரச் சொல்வாங்க.

ஆபீஸ்ல என்ன சொல்றது? எங்க டீம்ல ஒரு சின்னப் பையன் போன வருஷம் "மை கேட் இஸ் இன் ஹாஸ்பிடல், சார்"னு நேரா வந்து நின்னான். நான் வாயைத் திறக்காம லீவ் அப்ரூவ் பண்ணினேன். 2013ல எனக்கு அந்தத் தைரியம் இல்ல, அவ்வளவுதான்.

பக்கத்து விங் பொண்ணு கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. நானும் தங்கமணியும் கூடவே போனோம். பன்னெண்டரைக்கு டாக்டர் வயித்தைத் தொட்டுப் பாத்துட்டு, அடைப்புதான்னார். குழாய் போட்டு மூணு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. திரும்ப வர வாய்ப்பு உண்டுன்னு சொல்லியிருக்காங்க. அதனால இப்ப ஈரச் சாப்பாடு, வீட்டுல மூணு இடத்துல தண்ணிக் கிண்ணம், தினம் உருண்டை எண்ணிக்கை. எண்ணுற வேலையை அவங்க பையன் எடுத்துக்கிட்டான், காலண்டர்ல பென்சிலால குறிக்கிறான். நேத்து லிஃப்டுல பாத்தப்ப, "அங்கிள், இன்னிக்கு மூணு!"ன்னு கத்தினான். லிஃப்டுல இருந்த மராத்தி ஆஜிக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சது.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி டப்பாவை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் படுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, ஒரு பூனையைத் தவற விட்டவன். சந்தேகம்னா டாக்டருக்குப் போன் போடுங்க, எனக்கு இல்ல. பதினோரு மணிக்கு எனக்குப் போட்டாலும் நான் சொல்லப் போறது அதைத்தான்.